ஓட்டக்காரி நெஞ்சு

என் மகளுடைய நாடி மெதுவாக அடிக்கிறது என்று முதன்முதலில் சொன்னவர்கள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்கள்.

ஆவடியில் ஒரு மைதானம். காவலர் தேர்வுக்குத் தயாராகிற பிள்ளைகள் விடிந்ததும் அங்கே வந்து ஓடுவார்கள். என் மகளும் பன்னிரண்டாவது முடித்த கையோடு அங்கே சேர்ந்துவிட்டாள். திருநின்றவூரில் ரயில் ஏறி, பட்டாபிராம் தாண்டி, ஆவடியில் இறங்கிப் போவாள். பயிற்சி கொடுக்கிறவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, விரலில் கிளிப் மாதிரி மாட்டுகிற மிஷின், அது ஒன்று அவரிடம் இருந்தது. அதில் நாடித் துடிப்பும் தெரியும். ஓடி முடித்துக் களைப்பு ஆறியபின் ஒவ்வொரு பிள்ளையின் விரலிலும் அதை மாட்டிப் பார்ப்பார். நன்றாகப் பழகிய ஓட்டக்காரர்களுக்கு நாடி நிதானமாக அடிக்கும் என்று அவர் எங்கேயோ கற்றுக்கொண்டிருந்தார். அது பொய்யும் இல்லை. ஆனால் பிள்ளைகள் அதைப் போட்டியாக ஆக்கிவிட்டார்கள். யாருக்கு எண் கீழே இறங்குகிறதோ அவர்தான் அன்றைக்குக் கெத்து.

ஸ்டேஷன் பக்கத்தில் இட்லி வண்டி வைத்திருக்கிறேன். வியாபாரம் சீக்கிரம் முடிந்த ஒருநாள், மிச்சமிருந்த இட்லியைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போயிருந்தேன். பிள்ளைகள் தின்னட்டுமே என்றுதான். நான் போனபோது என் மகள் விரலில் மிஷின் மாட்டியிருந்தது. சுற்றிலும் கூட்டம்.

"நாப்பத்திரண்டு! மச்சான், இங்க பார்றா, நாப்பத்திரண்டு!"

"இன்னா மாஸ்டர், மிஷின்ல பேட்டரி பூட்ச்சா?"

"பேட்டரி இல்லடா. இதுக்குப் பேருதான் ஓட்டக்காரி நெஞ்சு. உனுக்கு ஷேர் ஆட்டோ மாதிரி அடிச்சிகினு கீது. இவளப் பார்த்து கத்துக்க."

எல்லாரும் கை தட்டினார்கள். என் மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். பையன்கள் பாய்ந்து எடுத்தார்கள். அவள் மட்டும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய் நின்றாள். வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரம், சித்திரை மாசம். அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள்.

ரயிலில் திரும்பி வரும்போது அந்த ஸ்வெட்டர்தான் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது.

நான் பயப்படுகிறவள். இதைச் சொல்லிவிட்டு மேலே எழுதினால்தான் மற்றதெல்லாம் புரியும். எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது; அதற்குப் பிறகு எனக்கு வந்த கல்வியெல்லாம் பயம்தான். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போகிற என் வீட்டுக்காரர் போன் எடுக்கவில்லை என்றால் மிஷினில் கை மாட்டிக்கொண்டதாகவே முடிவு செய்துவிடுவேன். எனக்கே நெஞ்சு படபடக்கும், மாரடைப்பு என்று ஆஸ்பத்திரிக்குப் போவேன், மாத்திரை கூட இல்லாமல் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு தடவையும் துணைக்கு வருகிறவள் என் மகள்தான். "எங்கம்மாவுக்கு மாசம் ஒருவாட்டி ஹார்ட் அட்டாக் வரும்" என்று சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அதனால் என் பயத்துக்கு எங்கள் வீட்டில் மதிப்பே கிடையாது. உண்மையான ஒன்று வந்து நின்றபோது அதைக் காட்டி யாரையும் நம்பவைக்க என்னால் முடியவில்லை.

நான் பார்த்தது இவ்வளவுதான். முதலில் சாம்பாரில் பருப்பைத் தவிர்த்தாள். அப்புறம் சோறு தின்றால் கால் கனக்கிறது என்றாள். வெள்ளிக்கிழமை விரதம் என்றாள்; தேர்வில் பாஸாகவேண்டும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டாளாம். சாமி காரியத்தை எந்தத் தாய் தடுப்பாள்? செவ்வாயும் சேர்ந்துகொண்டது. பிறகு எந்தக் கிழமை விரதம் இல்லை என்பதே தெரியாமல் போயிற்று. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருப்பாள், குறையாது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. கையில் மட்டும் பச்சைப் பிள்ளைக்கு இருப்பதுபோலப் பூனைமுடி முளைத்திருந்தது. தரையிலிருந்து எழுந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்று, அப்புறம்தான் நடப்பாள்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது ஒரு கறுப்புக் கவர். மாதவிடாய் நாப்கினை மெடிக்கல் கடைக்காரர் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுத்தானே கொடுப்பார். எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் அது தொங்கும். பல மாதமாக அந்த ஆணி காலியாக இருந்தது.

கேட்டேன்.

"ஓடுற பொண்ணுங்களுக்கு அப்படித்தாம்மா. மைதானத்துல பாதிப் பேருக்கு இல்ல. நீ இன்னா போலீஸ் மாதிரி விசாரிச்சிகினு கீற?"

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செய்தி பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"போன வாரம் பால்ல பல்லி எச்சம் உழுந்திச்சுன்ன. அது கடுகு. அதுக்கு முந்தி கூரை எறங்குதுன்ன. இப்ப இது. புள்ள ஓடுது, ஒல்லியாகுது. உக்காந்துகினு இருந்தா குண்டாகும். இதுல இன்னா கீது?"

ஒரு மதியம் அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டிலும் அந்தக் கிளிப் மிஷின் இருந்தது. எடுத்து அவள் விரலில் மாட்டினேன். ஒன்றும் தெரியவில்லை. பேட்டரி மாற்றினேன். அப்போதும் இல்லை. என் விரலில் மாட்டினால் உடனே எண் வந்தது; வழக்கம்போல ஓட்டமாக ஓடியது. பிறகுதான் புரிந்தது. அவள் விரல் மிஷின் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சில்லிட்டிருந்தது. மணிக்கட்டில் கை வைத்தேன். ஒரு துடிப்பு. அடுத்தது வருவதற்குள் எனக்கு உயிர் போய்த் திரும்பியது. அப்புறம் இன்னொன்று.

அங்கேயே உட்கார்ந்து முடிவு செய்தேன். யாரும் நம்பவேண்டாம். இவளை நான் டாக்டரிடம் கொண்டுபோகிறேன்.

முதலில் போனது பக்கத்துத் தெருவில் உள்ள ஒரு சின்ன கிளினிக். "சும்மா ஒரு செக்கப்" என்று கெஞ்சித்தான் கூட்டிப்போனேன். நெஞ்சில் ஒயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஓடுற பொண்ணா? அப்ப ஸ்லோவாத்தான் இருக்கும். நல்லா சாப்பிடச் சொல்லுங்க" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் என் மகள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"திருப்தியா? டாக்டரே சொல்ட்டாரு. இனிமே சாப்பாடு, சாப்பாடுன்னு ஏதாவது பேசுன, நான் ஆவடிலயே ஆஸ்டல்ல தங்கிடுவேன்."

பயப்படுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது ஒன்றுமில்லை என்றால் அதைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் நிம்மதியாகத் தூங்குவோம். நானும் தூங்கினேன். மறுநாள் காலையில் வண்டிக்குச் சட்னி வாளியைத் தூக்கிக் கொடுக்க வந்தவள், இரண்டு கையாலும் தூக்க முடியாமல் கீழே வைத்துவிட்டாள். எப்போதும் ஒற்றைக் கையில் தூக்குகிற வாளி அது. அன்றைக்கே வண்டியை மூடிவிட்டு, மறுநாள் என்ன செய்யவேண்டும் என்று யோசித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் நான் வண்டியே போடவில்லை. வீட்டுக்காரர் பயந்தேபோய்விட்டார். காய்ச்சலில்கூட வண்டி போட்டவள் நான்.

"இன்னாமே, உடம்புக்கு இன்னா?"

"நெஞ்சு அடைக்குது. இந்தவாட்டி நெசமா அடைக்குது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறேன். பாப்பா, கூட வாடி."

அவள் பெருமூச்சு விட்டாள், செருப்பை மாட்டினாள். எத்தனையோ தடவை வந்தவள்தானே. ரயிலில் ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்து, தண்ணீர் கொடுத்து, "மூச்ச மெதுவா இழும்மா, ஒண்ணும் ஆவாது" என்று முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். அவள் விரல் எலும்பு என் ரவிக்கையைத் தாண்டி முதுகில் உறுத்தியது. எனக்கு உண்மையாகவே நெஞ்சு அடைத்துவிட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் என் பெயருக்குத்தான் சீட்டு எழுதினோம். வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தது. உள்ளே இளவயது டாக்டரம்மா ஒருவர். ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு என்னை ஸ்டூலில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. மகளின் தோளைப் பிடித்து ஸ்டூலில் அழுத்தினேன்.

"எனுக்கு ஒண்ணும் இல்ல டாக்டரம்மா. பொய் சொல்லித்தான் கூட்டிகினு வந்தேன். இவளப் பாருங்க. இவ சாப்பிடறதே இல்ல. மாசாமாசம் வரவேண்டியது நின்னுபோச்சு. வெயில்ல குளிருதுன்றா. நாடி மெதுவா கீது. எல்லாரும் ஓட்டக்காரி நெஞ்சுன்னு சொல்றாங்க. எனுக்கு பயமா கீது. நான் எல்லாத்துக்கும் பயப்படுவேன், அத இவளே சொல்லுவா. ஆனா நீங்க ஒருவாட்டி பார்த்துடுங்க."

என் மகள் முகம் சிவந்து எழுந்தாள். வேகமாக எழுந்துவிட்டாள். அப்படியே மேஜையைப் பிடித்தாள், பிடி நழுவியது. டாக்டரம்மாதான் தாங்கினார்.

அதற்குமேல் அந்த அறையில் யாரும் அவசரமில்லாமல் பேசவில்லை. படுக்க வைத்து நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள். மெதுவாக நிற்க வைத்து மறுபடி பார்த்தார்கள். படுத்திருக்கும்போது ஊர்ந்த நாடி, நின்றதும் தறிகெட்டு ஓடியது. ரத்த அழுத்தம் சட்டென்று விழுந்தது. ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சில் ஜெல் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். அன்றைக்கே வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

சாயங்காலம் அந்த டாக்டரம்மா என்னையும் ஓடி வந்திருந்த என் வீட்டுக்காரரையும் உட்கார வைத்துச் சொன்னார். படிக்காதவளுக்கும் புரிகிற மாதிரி சொன்னார், அதனால் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

"ஓட்டக்காரங்களுக்கும் மெதுவாத்தாம்மா அடிக்கும். அவங்க இதயம் பலமா வளர்ந்திருக்கும், ஒரு துடிப்புக்கே நிறைய ரத்தம் தள்ளும். அதனால மெதுவா அடிச்சாப் போதும். உங்க பொண்ணுக்கு அப்படி இல்ல. சாப்பாடு வரலைன்னா உடம்பு தன்னோட சதையையே எடுத்துச் செலவு பண்ணும். இதயமும் சதைதானே. அது மெலிஞ்சுபோச்சு. இருக்கிறத வெச்சு ஓட்டணும்னு மெதுவா அடிக்குது. ரத்தத்துல பொட்டாசியமும் குறைவா இருக்கு. இப்படியே விட்டா துடிப்பு தாறுமாறாகி நின்னே போகலாம். இது வேணும்னு பண்ற பிடிவாதம் இல்ல, ஒரு நோய். மனசுக்கும் வைத்தியம் வேணும், உடம்புக்கும் வேணும்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "இவ சொல்லிகினேதாங்க இருந்தா" என்றார். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

"சரி டாக்டரம்மா, நான் ஆக்கிப் போட்டுடறேன். ஒரு மாசத்துல தேத்திடுவேன்" என்றேன். ஊருக்கே இட்லி போடுகிறவளுக்கு அது பெரிய விஷயமா என்று நினைத்தேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதத்தான் செய்யக்கூடாது. பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியா சாப்பாடு போனா, ரத்தத்துல இருக்கிற உப்புச்சத்து சட்டுனு இறங்கிடும். அதுலயே இதயம் நின்னுடலாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும். தினம் ரத்தம் பார்த்துப் பார்த்து ஏத்துவோம். நாங்க குடுக்கிறது ஒரு வாய்கூடக் குறையக்கூடாது. அதுக்குமேல ஒரு வாய்கூட ஏறவும் கூடாது. யாரு கொண்டுவந்தாலும்."

குறையக்கூடாது என்பதற்குக் காவல் நான். மேலே ஏறக்கூடாது என்பதற்கும் காவல் நான்.

வார்டில் அவள் நெஞ்சில் ஒயர்கள் ஒட்டியிருந்தார்கள். திரையில் பச்சைக் கோடு மெதுவாக எழும்பி எழும்பி விழுந்தது. அவள் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"ஏமாத்திட்ட இல்ல?"

"ஆமா."

"ஃபிசிக்கல் டெஸ்ட் வருது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"நான் போவேன். இல்லன்னா உங்கூட ஜென்மத்துக்கும் பேச மாட்டேன்."

"பேசாத. உசுரோட இருந்துகினு பேசாம இரு. அது எனுக்குப் போதும்."

எப்படி அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது என்று இன்னும் எனக்குத் தெரியாது. சாதாரணமாக அவள் ஒருவேளை பேசவில்லை என்றாலே எனக்குக் கை கால் ஓடாது.

முதல் நாட்களில் அவளுக்குக் கொடுத்தது அளந்து கலக்கிய பால், கொஞ்சம் கஞ்சி, மருந்து. அந்தச் சின்னக் கிண்ணத்தை முடிக்க அவள் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு பானை மாவு அரைத்து முடித்திருப்பேன். வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் அழுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, திட்டாமல், கெஞ்சாமல், கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருப்பேன். திட்டாமல் இருப்பது எனக்கு எளிது. கெஞ்சாமல் இருப்பதுதான் கஷ்டம். மனநல டாக்டர் ஒருவர் தினம் வந்து அவளோடு பேசுவார். கதவை மூடிக்கொண்டு பேசுவார்கள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கேட்காமல் இருந்ததும் ஒரு வேலைதான்.

இதற்கு நடுவே என் தம்பி வந்தான்.

பூந்தமல்லியில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான். என் மகளுக்குத் தாய்மாமன்; மஞ்சள் நீராட்டுக்கு ஓலை கட்டியவன், ஓட்டத்துக்கு ஷூ வாங்கிக் கொடுத்தவன். வார்டு வாசலில் அவனைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அவன் கையில் இருந்த கேரியரைப் பார்த்ததும் அழுகை நின்றுவிட்டது. மட்டன் பிரியாணி. மூடி இருந்தும் வாசனை வராந்தா முழுக்க நின்றது.

"நவுருக்கா. புள்ளைக்கு என் கையால ரெண்டு வாய் ஊட்டறேன். அப்புறம் பாரு, எப்படி எழுந்து ஓடுதுன்னு."

"உள்ள போலாம். கேரியர் போவாது."

"இன்னாது?"

"டாக்டர் கூடாதுன்னாங்க."

"சாப்பிடாததால படுத்துகினு கீது. சாப்பாடு குடுக்கக் கூடாதா? இன்னாக்கா டாக்டரு இவங்க! எலும்பும் தோலுமா கீற புள்ளைக்கு மாமன் சோறு போடக்கூடாதா? எம்பொண்டாட்டி காலைலேர்ந்து நின்னு ஆக்கிக் குடுத்திருக்கா."

"ஆக்குனது யாருன்னு இல்லடா. நீ குடுத்தா புள்ளைக்கு நெஞ்சு நின்னுபோவும்."

"யாராவது சோறு தின்னு செத்தாங்களா?"

எனக்கு டாக்டரம்மா சொன்ன உப்புச்சத்து, ரத்தம் எல்லாம் அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. அவனுக்குத் தெரிந்த பாஷையில் சொன்னேன்.

"உன் ஷெட்டுல பல மாசமா நின்னுபோன வண்டி வந்தா இன்னா பண்ணுவ? டேங்க் ரொப்பி, கியர் போட்டு நூறுல போவியா?"

அவன் கேரியரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினான்.

"ஆயில் பார்ப்பேன். மெதுவா ஸ்டார்ட் பண்ணி ஓடவுடுவேன்."

"அதத்தான் உள்ள பண்ணிகினு கீறாங்க."

அவனுக்குக் கோபம் இறங்கவில்லை. அவமானம் வேறு. பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். வாட்ச்மேன் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார், எங்களை என்றால் கேரியரை. கொஞ்ச நேரம் கழித்து என் தம்பி தலையைத் தூக்கினான்.

"நீ துன்னியா?"

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்தேன்.

"பொண்ணு துன்னலன்னு இங்க காவல் நின்னுகினு, நீ துன்னாம கீற. உன்ன யாரு அட்மிட் பண்றது? உக்காருக்கா."

மூடியில் போட்டுக் கொடுத்தான். வார்டு வாசலை மறைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து தின்றேன். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிந்தது. காரம் என்று சொல்லிக்கொண்டேன். மிச்சத்தை வாட்ச்மேனும் பக்கத்துப் படுக்கைக்காரர்களின் ஆட்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். தம்பி வெறுங்கையோடு உள்ளே போய், மருமகள் காலைப் பிடித்துவிட்டு வந்தான். "கால் ஐஸ் மாதிரி கீதுக்கா" என்றான். மறுநாளிலிருந்து சொந்தக்காரர்கள் யார் எதைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே நிறுத்தியது அவன்தான். யாரோ மந்திரிக்கச் சொன்னார்கள், யாரோ கண்ணு பட்டது என்றார்கள். "கண்ணு இல்ல பெரிம்மா, வயிறு" என்று பதில் சொன்னான்.

நாட்கள் போகப்போகப் பச்சைக் கோடு கொஞ்சம் நெருக்கமாக எழுந்தது. கஞ்சி இட்லியாயிற்று. ரத்தத்தில் உப்பு நிலையாக நிற்கிறது என்றதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் ஓட்டம் கூடாது, வேகமாக மாடிப்படி ஏறுவதுகூடக் கூடாது, வேளாவேளைக்குச் சாப்பாடு, சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் நான் கூடவே இருக்கவேண்டும், வாரம் ஒருமுறை வந்து காட்டவேண்டும்.

வீட்டில்தான் உண்மையான சண்டை தொடங்கியது. ஆஸ்பத்திரியில் டாக்டர், நர்ஸ் என்று நாலு பேர். வீட்டில் நான் ஒருத்தி. இட்லியைத் துணியில் மறைப்பாள். தோசையைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பிய்ப்பாள். தட்டு ஒருமுறை சுவரில் பறந்தது. நான் சுவரைத் துடைத்துவிட்டு வேறு தட்டு வைத்தேன். "இந்த நோய்கிட்டதான் நான் சண்டை போடறேன், உங்கிட்ட இல்ல" என்று சொல்லச் சொல்லியிருந்தார் மனநல டாக்டர். எனக்கு அப்படி அழகாகச் சொல்ல வராது. "துன்னு கண்ணு. நான் எங்கயும் போவப் போறதில்ல" என்பேன்.

தேர்வுக்கு முந்தின வாரம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர். வாசலிலேயே நின்றுகொண்டு பேசினார்.

"அக்கா, இத்தன வருசம் கஷ்டப்பட்டுச்சு. சும்மா வந்து ஒரு சுத்து ஓடட்டும். பாஸாச்சுன்னா வாழ்க்கையே செட்டில்."

உள்ளே இருந்து என் மகள் மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். அரசாங்க வேலை, எங்கள் வீட்டில் யாரும் பார்க்காதது. எனக்கும் அந்தக் காக்கி உடுப்பு மேல் ஆசை இல்லாமல் இல்லை.

"ஒரு சுத்துல நின்னுபோச்சுன்னா யாரு மாஸ்டர் திருப்பி ஓட வெப்பீங்க?"

"அப்படியெல்லாம் ஆவாதுக்கா."

"அன்னிக்கும் ஆவாதுன்னுதான் கை தட்னோம். நானுந்தான் சிரிச்சேன். அது ஓட்டக்காரி நெஞ்சு இல்ல மாஸ்டர். பட்டினிக்காரி நெஞ்சு."

டாக்டரம்மா சொன்னதை எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். சாப்பிடாமல் மெலிகிற பிள்ளைகள், மாதவிடாய் நின்றுபோன பிள்ளைகள், எழுந்தால் கண் இருட்டுகிற பிள்ளைகள் இருந்தால் ஓட விடவேண்டாம், டாக்டரிடம் அனுப்புங்கள் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. யாரையோ நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "இன்னும் ரெண்டு பொண்ணுங்க கீதுக்கா" என்றார். மறுநாளே அவர்களுடைய அம்மாக்களை என் வண்டிக்கு அனுப்பினார். இட்லி வேகும் நேரத்தில் அவர்களுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கிளிப் மிஷினை இப்போது மைதானத்துக்குக் கொண்டுவருவதில்லை என்று கேள்விப்பட்டேன்.

தேர்வு நாள் அன்று என் மகள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். நானும் வண்டி போடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மதியம் அவளாகவே எழுந்தாள்; சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். அதை அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். சோறு வைத்தேன். அழுதுகொண்டே பாதி தின்றாள். மீதிப் பாதி முடிய வெகுநேரம் ஆயிற்று. ஆனால் முடிந்தது.

இப்போது அதெல்லாம் நடந்து ஒரு வருசத்துக்குமேல் ஆகிறது. முழுக்கக் குணமாகிவிட்டாள் என்று எழுத எனக்கு ஆசை. எழுதமாட்டேன். நல்ல வாரமும் வருகிறது, கெட்ட வாரமும் வருகிறது. இதயம் பழையபடி சதை பிடித்துவிட்டது என்று ஸ்கேன் பார்த்துச் சொன்னார் டாக்டரம்மா. ஆனால் சாப்பாடு மறுபடி நின்றால் மறுபடி மெலியும் என்றும் சொன்னார். அன்றைக்கு என் நாடியையும் பிடித்துப் பார்த்து, "உங்களுக்குத்தாம்மா ரொம்ப வேகமா ஓடுது. கொஞ்சம் பயப்படாம இருங்க" என்றார். என் மகள், "அத மட்டும் கேக்காதீங்க டாக்டர், அவங்க வேலையே அதான்" என்றாள். அவளோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

போன மாதம் ஒருநாள் மெடிக்கல் கடைக்குப் போய்விட்டு வந்து விறுவிறுவென்று குளியலறைக்குள் போனாள். அவள் வெளியே போனபிறகு நான் போய்ப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் ஆணியில் கறுப்புக் கவர் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவளிடம் கேட்கவில்லை.

காலையில் அவள் என்னோடு வண்டிக்கு வருகிறாள். கூட்டம் குறைந்ததும் இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவோம். இன்றைக்குக் கெட்ட நாள். மூன்று இட்லியில் இரண்டை முடித்துவிட்டு, மூன்றாவதை விரலால் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஆறிப்போச்சும்மா."

"சூடா வெக்கிறேன்."

"வேணாம். போதும்."

அடுத்த ரயில் வந்து நின்றது. ஐடி கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிய ஒருவர் ஓடி வந்தார்.

"அக்கா, நாலு இட்லி பார்சல்."

"முடிஞ்சுபோச்சு தம்பி."

அவர் ஆவி பறக்கிற குண்டானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்விட்டார். என் மகளும் குண்டானைப் பார்த்தாள்.

"உள்ள இன்னும் ரெண்டு ஈடு கீது. ஏன் இல்லன்ன?"

"எழுந்து கட்டணும். நான் இப்ப எழுந்துக்க மாட்டேன்."

"நான் தின்னலன்னா?"

"உக்காந்துகினு கீறேன்."

"வியாபாரம்?"

"அது நாளைக்கும் கீது."

மூடியைத் திறந்து ஆவியோடு ஒரு இட்லியை எடுத்து, ஆறினதை மாற்றி வைத்தேன். அவள் என்னை முறைத்தாள். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு ரயில் போகிற பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரயில் கிளம்பியது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் ஸ்டூல் கிறீச்சிட்டது. எழுந்து போகிறாளோ என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பவில்லை.

"சட்னி ஊத்து" என்றாள்.